தேனுக்குத் தேன் ஏன் மாறுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேனைப் பற்றி வரும் கேள்விகளில் பாதி "இது நல்ல தேனா?" என்பதுதான். தண்ணியாக இருக்கிறது, கறுப்பாக இருக்கிறது, உறைந்துவிட்டது, புளிக்கிறது என்று சந்தேகப்பட்டு ஒதுக்கிவைக்கும் தேன் பல சமயம் அசல் தேனாகவே இருக்கும். கண்ணாடிபோலத் தெளிந்து, வருடம் முழுக்க ஒரே நிறத்தில், ஒரே ருசியில் வருவதைப் பார்த்து யாரும் சந்தேகப்படுவதில்லை. கேள்வி கேட்கவேண்டிய இடம் உண்மையில் அதுதான்.

இயற்கைத் தேன் என்று எதைச் சொல்லலாம்?

பூவில் ஊறும் மதுரத்தைத் தேனீ உறிஞ்சி வந்து, தன் உடலில் சுரக்கும் நொதிகளைக் கலந்து, தண்ணீரை வற்றவைத்து, அடையில் சேர்த்து மூடிவைப்பது தேன். அதன்பிறகு மனிதர்கள் அதில் எதையும் சேர்க்காமலும் அதிலிருந்து எதையும் பிரித்தெடுக்காமலும் இருந்தால் அது இயற்கைத் தேன். சர்வதேச உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பின் வரையறையும் ஏறக்குறைய இதுவேதான்.

இதில் 'வற்றவைத்து' என்ற ஒரு சொல்லுக்குள் பெரிய வேலை அடங்கியிருக்கிறது. மதுரத்தில் பாதிக்கு மேல் தண்ணீராக இருப்பது சாதாரணம். வெளியே போய்வந்த தேனீ அதைக் கூட்டிலிருக்கும் இன்னொரு தேனீயிடம் கொடுக்கும். அது ஒரு சிறு துளியை உறிஞ்சுகுழலின் நுனியில் வெளியே தள்ளும், உள்ளே இழுக்கும், மறுபடி தள்ளும். இப்படியே கொஞ்சம் கொஞ்சமாக ஈரத்தை இழக்கவைத்து, அப்புறம் அறைச்சுவரில் மெல்லிய படலமாகப் பூசும். மற்ற தேனீக்கள் சிறகடித்துக் கூட்டுக்குள் காற்றை ஓட்டிக்கொண்டே இருக்கும். ஈரம் 18 சதவீதத்தை ஒட்டி இறங்கிய பிறகுதான் அறையை மெழுகால் மூடும்.

மூடுவதற்கு முன்பே அவசரப்பட்டு எடுத்தால், கலப்படம் எதுவும் இல்லாவிட்டாலும் அது பழுக்காத தேன். தேனீ வளர்ப்பவர்கள் அடையுள்ள சட்டத்தைப் படுக்கைவாட்டில் பிடித்து ஒரு உதறு உதறிப் பார்ப்பார்கள். துளி தெறித்தால் இன்னும் பழுக்கவில்லை என்று திரும்ப வைத்துவிடுவார்கள். முக்கால்வாசி அறைகளாவது மூடியிருந்தால்தான் பிழிவது நல்ல வழக்கம். தேனின் தரத்தில் பாதி இந்தப் பொறுமையிலேயே முடிவாகிவிடுகிறது என்பது என் எண்ணம்.

தேனில் என்னதான் இருக்கிறது?

சராசரியாகச் சொன்னால் ஃபிரக்டோஸ் 38 சதவீதம், குளுக்கோஸ் 31 சதவீதம், தண்ணீர் 17 சதவீதம். மீதியில் வேறு சில சர்க்கரைகள், அமிலங்கள், நொதிகள், தாதுக்கள், மணம் தரும் சேர்மங்கள், கொஞ்சம் மகரந்தம். முதல் மூன்றின் விகிதம் மாறும்போது தேனின் கெட்டித்தன்மையும் உறையும் வேகமும் மாறும். மீதியில் இருப்பவை மாறும்போது நிறம், மணம், ருசி எல்லாம் மாறும். தேன் இவ்வளவு இனித்தாலும் அமிலத்தன்மை உள்ளது. சர்க்கரை தூக்கலாக இருப்பதால் நாக்குக்கு அது தெரிவதில்லை.

ஒரே பூவின் தேன் என்கிறார்களே, தேனீயை ஒரே பூவுக்கு அனுப்ப முடியுமா?

அனுப்ப முடியாது. ஆனால் தேனீக்கே அப்படி ஒரு பழக்கம் உண்டு: ஒரு வகைப் பூவில் நல்ல மதுரம் கிடைத்தால், அது தீரும்வரை பெரும்பாலும் அதே வகைக்கே போய்க்கொண்டிருக்கும். அதனால் ஏக்கர் கணக்கில் சூரியகாந்தி பூத்திருக்கும்போது பெட்டிகளைக் கொண்டுபோய் நடுவில் வைத்து, பூ முடிந்ததும் தேனை எடுத்துவிட்டால், அது பெருமளவு சூரியகாந்தித் தேனாக இருக்கும்.

இதைச் சரிபார்க்க நுண்ணோக்கியில் மகரந்தத்தை எண்ணுவார்கள். ஒவ்வொரு செடியின் மகரந்தத்துக்கும் தனி வடிவம் உண்டு. பொதுவாக 45 சதவீதத்துக்கு மேல் ஒரே செடியுடையதாக இருந்தால் அந்தப் பெயரைச் சொல்லலாம் என்பது நடைமுறை. எல்லாப் பூவும் ஒரே அளவில் மகரந்தம் தருவதில்லை என்பதால் இதற்கு விலக்குகளும் உண்டு. ஆரஞ்சு, எலுமிச்சை வகைத் தேனில் அந்த மகரந்தம் குறைவாகவே இருக்கும். செஸ்ட்நட் மரத்தின் தேனிலோ 90 சதவீதம்கூட எதிர்பார்ப்பார்கள்.

பல பூக்கள் கலந்த தேனை மட்டமாக நினைக்கவேண்டியதில்லை. அதன் ருசி பருவத்துக்குப் பருவம் மாறும், அவ்வளவுதான்.

கறுப்புத் தேனில் சத்து அதிகமா?

ஓரளவு உண்மை. கோதுமை நிறத்தைவிட அடர்ந்த தேன்களில் தாதுக்களும், பீனாலிக் என்ற தாவரச் சேர்மங்களும் பொதுவாக அதிகம். பக்வீட் என்ற தானியப் பூவின் தேன் கிட்டத்தட்டக் கறுப்பு, மணமும் காரசாரமாக இருக்கும். குளோவர் பூவின் தேன் வெளிறிய மஞ்சள். ஆனால் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டி சாப்பிடுகிறவருக்கு இந்த வித்தியாசத்தால் பெரிதாக எதுவும் வந்துவிடாது. இன்னொன்று: பழைய தேனும், அதிகமாகக் காய்ச்சிய தேனும்கூட கறுக்கும். நிறத்தை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கு வருவது கஷ்டம்.

மலைத்தேன், கொம்புத்தேன், பொந்துத்தேன், கொசுத்தேன்: இவை பூவைப் பொறுத்ததா?

இல்லை, தேனீயையும் அது கூடு கட்டும் இடத்தையும் பொறுத்தது. பெயர்கள் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், ஆனால் பிரிவு இதுதான்.

மலைத்தேனீ உருவத்தில் பெரியது. பாறை முகட்டிலும் உயர்ந்த மரக்கிளையிலும் ஒரே ஒரு பெரிய அடையைத் திறந்தவெளியில் தொங்கவிடும். தேன் அடையின் மேல்பகுதியில் இருக்கும், புழுக்கள் கீழே. தேன் பகுதியை மட்டும் வெட்டி வடியவிட்டால் சுத்தமாக வரும். மொத்த அடையையும் சேர்த்துப் பிழிந்தால் புழுவும் மகரந்தமும் கலந்து கலங்கலாகி, சீக்கிரம் புளித்துவிடும். மலைத்தேன் தண்ணியாக இருக்கிறது என்ற புகார் அடிக்கடி வருவதற்கு, ஈரமான காட்டில் திறந்தவெளியில் இருக்கும் அடை என்பதும் ஒரு காரணம்.

கொம்புத்தேனீ சின்னது. புதரில் ஒரு குச்சியைச் சுற்றி உள்ளங்கை அளவில் ஒற்றை அடை கட்டும். கிடைக்கும் தேனும் கொஞ்சம்தான். அடுக்குத்தேனீ மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் வரிசையாகப் பல அடைகளைக் கட்டும். பொந்துத்தேன் இதனுடையதுதான். இருட்டில் வாழப் பழகியதால் பெட்டியிலும் வளர்க்கலாம். இத்தாலியத் தேனீ என்று இங்கே அழைக்கும் ஐரோப்பியத் தேனீயும் அப்படியே. உலகச் சந்தைக்கு வரும் தேனில் பெரும்பகுதி இந்த இனத்தின் உழைப்பு.

கொசுத்தேனீ இவற்றிலிருந்து ரொம்பவே விலகி நிற்கும். இதற்குக் கொட்டத் தெரியாது. அறுகோண அறைகளுக்குப் பதிலாக மெழுகும் பிசினும் கலந்து சின்னச் சின்னக் குடங்கள் செய்து அதில் தேனை வைக்கும். ஈரம் 25 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம், புளிப்பும் தூக்கல், பிசினின் வாசமும் ஏறியிருக்கும். மற்ற தேனுக்கு வகுத்த அளவுகோலில் வைத்தால் இந்தத் தேன் தேறவே தேறாது. அதற்காக அதைப் போலி என்று சொல்ல முடியாது. இந்தத் தேனில் டிரெஹலுலோஸ் என்ற அபூர்வமான சர்க்கரை நிறைய இருப்பதை 2020இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

பூவே இல்லாமலும் தேன் வருமா?

வரும். அசுவினி போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிகள் மரத்தின் சாற்றைக் குடித்துவிட்டு, மிஞ்சிய இனிப்பைக் கழிவாக வெளியேற்றும். இலையில் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும் அதைத் தேனீ சேகரித்துத் தேனாக்கும். கேட்கக் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கும்தான். ஆனால் துருக்கியிலும் கிரீஸிலும் பைன் மரத்துப் பூச்சிகளை நம்பிக் கிடைக்கும் இந்தத் தேனுக்கு நல்ல மதிப்பு. நிறம் அடர்த்தி, இனிப்பு குறைவு, தாதுக்கள் அதிகம்.

தேன் உறைந்துவிட்டது. சர்க்கரைப் பாகு கலந்திருக்கிறார்களா?

பெரும்பாலும் இல்லை. உறைவது தேனின் இயல்பு. அந்த 17 சதவீதத் தண்ணீரில் கரையக்கூடியதைவிட அதிகமான குளுக்கோஸ் தேனில் இருக்கிறது. அதிகப்படியானது மெல்லக் குருணையாகப் பிரியும். மகரந்தத் துகளோ மெழுகுத் துணுக்கோ இருந்தால் குருணை அதைப் பற்றிக்கொண்டு வளரும். அதனால்தான் வடிகட்டாத தேன் சீக்கிரம் உறைகிறது.

எவ்வளவு சீக்கிரம் என்பது பூவைப் பொறுத்தது. கடுகு வகைப் பூக்களின் தேனில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஏறத்தாழச் சமம். எடுத்த சில வாரங்களிலேயே வெண்ணெய்போல் இறுகிவிடும். தேனெடுப்பவர் கொஞ்சம் அசந்தால் அடைக்குள்ளேயே இறுகி, பிரித்தெடுக்க முடியாமல் போகும். சூரியகாந்தியும் வேகம்தான். அகேசியா என்ற பெயரில் விற்கும் ரொபீனியா மரத்தின் தேனில் ஃபிரக்டோஸ் ஒன்றரை மடங்குக்கும் மேல் இருப்பதால் அது ஒரு வருடம் தாண்டியும் தெளிவாகவே இருக்கும். இரண்டும் அசல்தான்.

சுமார் 14 டிகிரி செல்சியஸில் தேன் மிக வேகமாக உறையும். ஃபிரிட்ஜில் வைத்த தேன் குருணை கட்டாமல் குளிரில் வெறுமனே இறுகியிருந்தால், அதை வெளியே வைத்தாலே போதும்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பாட்டிலின் அடியில் குருணை, மேலே தண்ணியான தேன் என்று இரண்டாகப் பிரிந்திருந்தால், மேலே இருக்கும் பகுதியில் ஈரம் கூடியிருக்கும். அது புளிக்க வாய்ப்பு அதிகம். சீக்கிரம் தீர்த்துவிடுவது நல்லது.

உறைந்த தேனை எப்படி இளக்குவது?

கை பொறுக்கும் சூடுள்ள வெந்நீரில், 40 டிகிரிக்கு மேல் போகாமல், பாட்டிலை நிறுத்திவையுங்கள். நேரம் எடுக்கும். அடுப்பில் நேரடியாக வைக்க வேண்டாம். இளக்காமல் அப்படியே கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டாலும் ஒரு குறையும் இல்லை.

வெண்ணெய்போல் வழவழப்பான 'க்ரீம் தேன்' என்பது என்ன? பால் சேர்த்ததா?

அதில் பால் எதுவும் இல்லை, வேண்டுமென்றே நுண்ணிய குருணையாக உறையவைத்த தேன்தான். ஏற்கெனவே நைசாக உறைந்த தேனில் ஒரு பங்கை ஒன்பது பங்கு தெளிந்த தேனில் கலந்து 14 டிகிரியில் வைப்பார்கள். குருணை பெரிதாக வளராமல் சீராகப் பரவும். எல்டன் டைஸ் என்பவர் 1930களில் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

கலக்கினால் இளகி, விட்டுவைத்தால் இறுகும் தேன் ஒன்று உண்டாமே?

ஐரோப்பியத் தரிசு நிலங்களில் பூக்கும் ஹெதர் புதரின் தேன் அது. பாட்டிலைக் கவிழ்த்தாலும் ஜெல்லிபோல் நிற்கும். கரண்டியால் நன்றாகக் கிளறினால் ஓடும். கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி கெட்டிப்படும். அதிலுள்ள ஒரு புரதம் செய்யும் வேலை. சுழற்றி எடுக்கும் கருவியில் இது லேசில் வராது, அடையிலேயே கிளறிவிட்டு எடுக்கவேண்டும். இந்தத் தேனுக்கு மட்டும் கோடெக்ஸ் 23 சதவீதம் வரை ஈரத்தை அனுமதிக்கிறது. மற்றவற்றுக்கு 20.

'பதப்படுத்தாத தேன்', 'தூய தேன்', 'இயற்கைத் தேன்' என்று லேபிளில் இருப்பதை நம்பலாமா?

'தூய', 'இயற்கை' என்ற சொற்கள் எதையும் சொல்வதில்லை. 'பதப்படுத்தாத' என்பதற்கு ஓரளவு அர்த்தம் உண்டு: அதிகம் சூடாக்காமல், மகரந்தம் போகாத அளவுக்குச் சாதாரண வலையில் வடிகட்டியது.

பெரிய ஆலைகளில் தேனை 60, 70 டிகிரி வரை சூடாக்குவது உண்டு. ஈஸ்ட் செத்துவிடும், குருணைகள் கரைந்துவிடும், அலமாரியில் மாதக்கணக்கில் தெளிவாக நிற்கும். மணத்தில் கொஞ்சமும் நொதிகளில் கொஞ்சமும் போய்விடும். அதனால் அது போலித் தேன் ஆகிவிடாது, சோபை குறைந்த தேன் என்று சொல்லலாம். மிக நுண்ணிய வடிகட்டியில் அழுத்தி மகரந்தத்தையே நீக்குவதுதான் நெருடலானது. மகரந்தம் போய்விட்டால் எந்தப் பூ, எந்த நாடு என்று கண்டுபிடிக்கும் வழியும் அடைபட்டுவிடும்.

தேனைச் சூடாக்கினால் விஷமாகிவிடுமா?

ஆகாது. சூட்டிலும், நாள்பட வைத்திருப்பதிலும் எச்எம்எஃப் என்ற சேர்மம் தேனில் கூடும். தேனை எவ்வளவு சூடுபடுத்தினார்கள், எவ்வளவு பழையது என்பதற்கு அதை ஓர் அடையாளமாக வைத்து, கிலோவுக்கு 40 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று கோடெக்ஸ் சொல்கிறது. வெப்பநாடுகளின் தேனுக்கு 80. இது தரத்துக்கான வரம்பு. வறுத்த காப்பிக்கொட்டையில் இதே சேர்மம் இதைவிடப் பல மடங்கு இருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் தேன் கலந்து குடிப்பதற்குப் பயப்படவேண்டாம்.

தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சி, எறும்பு, நாய்... எந்தச் சோதனை சரி?

ஒன்றுமே சரியில்லை. தண்ணீரில் கரையாமல் அடியில் இறங்கினால் அசல் என்பார்கள். கெட்டியான சர்க்கரைப் பாகும் அப்படித்தான் இறங்கும். தேனில் தோய்த்த தீக்குச்சி எரிந்தால் அசல் என்பார்கள். அது ஈரம் குறைவு என்பதை மட்டும் காட்டும், வற்றக் காய்ச்சிய பாகிலும் குச்சி எரியும். அசல் தேனை எறும்பு தொடாது என்பது பொய், எறும்புக்குத் தேன் ரொம்பப் பிடிக்கும். நாய் முகர்ந்துவிட்டுப் போவது நாயின் விருப்பம். தாளில் விட்டால் ஊறக்கூடாது என்பதும் ஈரத்தைப் பற்றிய சோதனைதான், கொசுத்தேன் போன்ற நல்ல தேனே அதில் தோற்றுவிடும். மொத்தத்தில் இவை கெட்டித்தன்மையை அளக்கின்றன, கலப்படம் செய்பவருக்குப் பாகைக் கெட்டியாக்கத் தெரியாதா?

அப்படியானால் ஆய்வகத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கரும்பும் மக்காச்சோளமும் ஒளிச்சேர்க்கை செய்யும் விதம், தேனீ நாடும் பெரும்பாலான செடிகளின் விதத்திலிருந்து வேறுபட்டது. அதனால் அவற்றின் சர்க்கரையில் கார்பன்-13 என்ற கனமான கார்பனின் விகிதம் மாறியிருக்கும். அதை அளந்தால் கரும்பு, சோளச் சர்க்கரை மாட்டிக்கொள்ளும். அரிசியிலும் பீட்ரூட் வகையிலும் செய்த பாகு இந்தச் சோதனையில் தப்பிவிடும், ஏனென்றால் அவை பூச்செடிகளின் அதே வழியில் ஒளிச்சேர்க்கை செய்பவை. அதைப் பிடிக்க என்எம்ஆர் என்ற சோதனை வந்தது. தேனின் மொத்த வேதியியல் சுவடையும் எடுத்து, சேமித்துவைத்த ஆயிரக்கணக்கான அசல் மாதிரிகளோடு ஒப்பிடுவார்கள். மாதிரித் தொகுப்பில் இல்லாத பகுதியின் தேன் வந்தால் ஒப்பீடு தடுமாறும் என்பது அதன் பலவீனம்.

வீட்டிலிருந்து செய்யக்கூடியது கேள்வி கேட்பதுதான். எந்தப் பூ, எந்த மாதம் எடுத்தது, ஈரம் எத்தனை சதவீதம் என்று விற்பவரிடம் கேளுங்கள். உழைத்து எடுப்பவர் இதற்குச் சளைக்காமல் பதில் சொல்வார், ஈரத்தை ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரே துளியில் அளந்தும் காட்டுவார்.

மூடியைத் திறந்ததும் நுரை பொங்குகிறது. கெட்டுவிட்டதா?

மேலே படிந்திருக்கும் மெல்லிய வெண்ணுரை பெரும்பாலும் காற்றுக்குமிழியும் மகரந்தமும் மெழுகுத் துணுக்கும்தான். மூடி உப்பி, திறந்ததும் புஸ்ஸென்று சத்தம் வந்து, கள் வாடை அடித்தால் புளிக்கத் தொடங்கிவிட்டது. ஈரம் 17 சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால் ஈஸ்ட் எவ்வளவு இருந்தாலும் ஒன்றும் செய்யமுடியாது. 20ஐத் தாண்டினால் காத்திருந்து வேலையைக் காட்டும்.

மனுகா தேனுக்கு ஏன் இவ்வளவு பேர்?

எல்லாத் தேனுக்குமே கிருமிகளைத் தடுக்கும் குணம் உண்டு: தண்ணீர் குறைவு, அமிலத்தன்மை, அப்புறம் தேனை நீர்க்கவைக்கும்போது ஒரு நொதி உண்டாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு. நியூசிலாந்தில் வளரும் மனுகா புதரின் தேனில் கூடுதலாக மெத்தில்கிளையாக்சல் என்ற கிருமி தடுக்கும் சேர்மம் இருக்கிறது. அந்தப் புதரின் மதுரத்திலுள்ள ஒரு பொருள் தேனில் மெல்ல அப்படி மாறுகிறது. 2008இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் இதை அடையாளம் காட்டினார்கள். போலிகள் பெருகியதால், நான்கு வேதிப்பொருட்களும் ஒரு டிஎன்ஏ அடையாளமும் இருந்தால்தான் மனுகா என்று நியூசிலாந்து அரசு 2018இல் விதி கொண்டுவந்தது. ஆனால் புண்ணுக்கு மருத்துவமனையில் போடுவது கதிர்வீச்சால் கிருமிநீக்கம் செய்த தனித் தேன். சமையலறை பாட்டிலை எடுத்துக் காயத்தில் தடவாதீர்கள்.

சர்க்கரை நோயாளி தேன் சாப்பிடலாமா?

தேனும் சர்க்கரைதான், ஐந்தில் நாலு பங்கு. ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 17 கிராம் சர்க்கரையும் 60 கலோரிக்குக் கொஞ்சம் மேலும் இருக்கும். இரத்தச் சர்க்கரை ஏறத்தான் செய்யும். மருத்துவர் சொன்ன கணக்குக்குள் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கைக்குழந்தைக்கு நாக்கில் தொட்டு வைக்கலாமா?

கூடாது. ஒரு வயது நிரம்பும்வரை துளிகூட வேண்டாம். தேனில் பொட்டுலிசம் கிருமியின் வித்துக்கள் இருக்கலாம். பெரியவர்கள் குடலில் அவை வளராது. குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரந்து தசைகளைச் செயலிழக்கவைக்கும். வீட்டில் காய்ச்சுவதால் அந்த வித்துக்கள் சாகாது. எவ்வளவு அசல் தேன் என்றாலும் இதே பதில்தான்.

மயக்கம் தரும் தேன் என்பது கதையா?

நிஜம். சில ரோடோடென்ட்ரான் பூக்களின் மதுரத்தில் கிரயனோடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. துருக்கியின் கருங்கடல் பகுதியிலும் நேபாள மலைகளிலும் இத்தேன் கிடைக்கும். கிமு 401-400 வாக்கில் கருங்கடல் பக்கம் வந்த கிரேக்கப் படையினர் இதைத் தின்று, நிற்கக்கூட முடியாமல் வாந்தியெடுத்து விழுந்துகிடந்ததாகவும் மூன்று நான்கு நாளில் எழுந்துவிட்டதாகவும் பதிவு இருக்கிறது. நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் சரிந்துவிடும். இயற்கையானது என்பதால் மட்டும் எதுவும் பாதுகாப்பாகிவிடாது என்பதற்கு இந்தத் தேனே சாட்சி.

எப்படி வைத்தால் நாள்பட இருக்கும்?

காற்று புகாத கண்ணாடி பாட்டிலில், வெயில் படாத இடத்தில். காற்றிலுள்ள ஈரத்தைத் தேன் இழுத்துக்கொள்ளும், அதனால் மூடியை இறுக்க மூடுங்கள், ஈரக் கரண்டியை விடாதீர்கள். வருடங்கள் போகப்போக நிறம் கறுத்து மணம் குறையும், சாப்பிட முடியாமல் போவது அபூர்வம்.

ஒரு லிட்டர் தேனும் ஒரு கிலோ தேனும் ஒன்றா?

இல்லை. ஒரு லிட்டர் தேன் சுமார் 1.4 கிலோ எடை இருக்கும். அரைக் கிலோ பாட்டில் என்றால் 350 மில்லி அளவுதான். இரண்டு பாட்டில்களின் விலையை ஒப்பிடும்போது ஒன்றில் கிராமும் இன்னொன்றில் மில்லியும் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.